பேசும் கதவு வாங்கலாமா?



மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையில் இருக்கிறது எங்கள் கோச்சடை. முத்தையா சுவாமி கோயிலில் திருவிழா என்றால், மேலக்கால் சாலையில் வரும்போதே கூம்பு ஒலிபெருக்கியின் குரல் காதில் விழுந்துவிடும். பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும். ஆனால் பாடகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். தவிலில் 'தொம்' என்று விழ வேண்டிய அடி 'டக்' என்று விழும். இதை நீங்களும் உங்கள் ஊர்த் திருவிழாவில் கவனித்திருப்பீர்கள் அல்லவா? தாழ்ந்த சுரங்களைத் தருவதற்காக அந்தக் கூம்பு செய்யப்படவில்லை. குறைந்த மின்திறனில் நெடுந்தூரம் கேட்க வேண்டும், அதுதான் அதன் வேலை.

வீட்டுக்குள் பாட்டுக் கேட்பது வேறு சங்கதி. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களிடம் பேசப்போகிறேன். காரணம், எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன். அவனுடைய அண்ணன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். போனஸ் பணத்தில் வீட்டுக்கு நல்ல 'ஹை-ஃபை' ஒலிச் சாதனம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன வாங்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு தம்பியிடம் வந்தது. ஒரு நாள் மாலை அவன் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், இதப் பாருங்க. ஆள் உசரம் இருக்கு, ஆனா கனம் ரெண்டு அங்குலம்கூட இல்ல. பொட்டியே கிடையாது. எங்க வீடு சின்னது. சுவத்தோட ஒட்டி வச்சிட்டா எடமே அடைக்காதுல்ல?"

படத்தில் துணி போர்த்திய இரண்டு கதவுகளைப் போல நின்றன அவை. ஆங்கிலத்தில் 'பிளேனார்' ஒலிபெருக்கி என்பார்கள். நாம் தட்டை ஒலிபெருக்கி என்போம். விலையோ, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி நிறுத்திவிடலாம், அவ்வளவு. "வாங்கலாமா சார்?" என்று கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்வியிலேயே ஒரு தவறு இருந்தது. அது அவன் தவறு மட்டுமல்ல. மெல்லிய பொருள் குறைந்த இடத்தை அடைக்கும் என்று நினைப்பது இயல்புதானே? ஆனால் ஒலிக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

முதலில் சாதாரண ஒலிபெருக்கியைப் பார்ப்போம். ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது; கூம்பும் ஆடுகிறது; காற்றும் ஆடுகிறது. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் விவரித்த அமைப்பு இது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகியும் நம் வீட்டு வானொலி முதல் தொலைக்காட்சி வரை இதுவே ஆட்சி செய்கிறது.

இந்தக் கூம்பை ஏன் பெட்டிக்குள் அடைக்கிறார்கள்? அழகுக்காக என்று எண்ணாதீர்கள். கூம்பு முன்னோக்கித் தள்ளும்போது முன்னால் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னால் காற்று விரிகிறது. அதாவது முன்னே புறப்படும் அலையும் பின்னே புறப்படும் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். அலைநீளம் பெரிதாக உள்ள தாழ்ந்த ஒலிகளே இதில் முதலில் சாகும்.

நம்ப முடியவில்லையா? செய்து பாருங்கள். பழுதடைந்து கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றிலிருந்து சிறு ஒலிபெருக்கியைக் கழற்றி, வேலை செய்யும் வேறொரு பாட்டரி வானொலியின் ஒலிபெருக்கி முனைகளில் மாற்றி இணையுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியைத் திறக்கவே கூடாது. பாட்டரி வானொலி மட்டும். பாட்டை வைத்துவிட்டு ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக் கேளுங்கள். தகர டப்பாவைத் தட்டுவது போல மெலிந்த ஒலி. இப்போது இரண்டடிக்கு இரண்டடி உள்ள கனத்த அட்டையின் நடுவில் கூம்பின் அளவுக்கு ஒரு துளை வெட்டி, அதில் ஒலிபெருக்கியை அழுத்திப் பிடியுங்கள். மிருதங்கம் திடீரென்று அறைக்குள் வந்து உட்காரும்! மின்திறனை நாம் கூட்டவே இல்லை. பின்னலை முன்னே வரவேண்டிய வழியை நீட்டினோம், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை நினைவில் இருக்கட்டும். தட்டை ஒலிபெருக்கியின் பெருமையும் சிறுமையும் இதில்தான் இருக்கின்றன.

தட்டை ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பாலியஸ்டர் சவ்வு இருக்கிறது. அதை ஆட்ட இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று நிலைமின் முறை. சவ்வுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் மின்னூட்டம் கொடுத்து, துளைகளிட்ட இரு தகடுகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். தகடுகளில் இசையின் மின்னழுத்தம் மாற மாற, சவ்வு இப்பக்கமும் அப்பக்கமும் இழுபடும். இன்னொன்று காந்த முறை. சவ்வின்மேல் மெல்லிய கம்பியையோ அலுமினியத் தகட்டையோ வரிவரியாக ஒட்டி, எதிரே காந்தப் பட்டைகளை அடுக்குவார்கள். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப் புலம் அதைத் தள்ளும். உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள பிளெமிங்கின் இடக்கை விதியேதான்.

இதையும் வீட்டிலேயே காணலாம். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி, இரு காந்தங்களின் எதிரெதிர்த் துருவங்களுக்கு நடுவே தொய்வாகத் தொங்கவிடுங்கள். ஒரு பென்சில் செல்லின் முனைகளைப் பட்டையின் இரு நுனிகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். பட்டை துள்ளும். செல்லைத் திருப்பித் தொட்டால் எதிர்ப்பக்கம் துள்ளும்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எடைதான் லாபம். 12 மைக்ரான் கனமுள்ள பாலியஸ்டர் சவ்வை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் சவ்வின் கன அளவு 12 கன சென்டிமீட்டர். அடர்த்தி சுமார் 1.4, ஆகவே எடை ஏறக்குறைய 17 கிராம். இதே பரப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குக் காற்றை நிறுத்தால் அதுவும் ஏறக்குறைய 17 கிராம்தான் இருக்கும்! அதாவது, சவ்வை ஆட்டுவதும் காற்றையே ஆட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்று. இசை நின்றால் சவ்வும் உடனே நிற்கும். அதோடு, கூம்பை நடுவிலுள்ள சுருள் மட்டும் தள்ளுகிறது. சவ்வையோ பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விசை தள்ளுகிறது. மரப்பெட்டியின் அதிர்வும் கலப்பதில்லை.

1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் 'குவாட்' நிறுவனம் நிலைமின் முறை ஒலிபெருக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாழ்ந்த ஒலிக்கான சவ்வுகளில் 6,000 வோல்ட். உயர்ந்த ஒலிக்கான சவ்வில் 1,500 வோல்ட். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைத்திருக்கும் சாதனம் போலத் தோற்றம். ஆயினும் மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகத் தரும் கருவி வேறில்லை என்று பல ஆண்டுகள் பேர் வாங்கியது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜிம் வைனி என்ற பொறியாளர் காந்த முறையில் 'மேக்னபிளேனார்' ஒலிபெருக்கியை உருவாக்கி, அதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். என் மாணவ நண்பன் கொண்டுவந்த படம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் இத்தகைய ஜோடி ஒன்றின் முன் உட்கார்ந்து வீணை கேட்டிருக்கிறேன். மீட்டும் விரல் கம்பியை விட்டுப் பிரியும் அந்த நொடி தனியாகக் கேட்டது. வீணை பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. அறையின் அந்தக் கோடியில் இருந்தது. ஆகவே, 'இதெல்லாம் பணக்காரர்களின் வெற்று ஜம்பம்' என்று நான் சொல்லமாட்டேன். பொருள் உயர்ந்ததுதான். இடம் பொருந்துமா என்பதே கேள்வி.

இப்போது சுவருக்கு வருவோம். பெட்டி இல்லாததால் சவ்வின் பின்னலை முழு வலிமையோடு பின்னே போகிறது. சுவரில் மோதித் திரும்புகிறது. மதுரையில் வெப்பநிலை 35 டிகிரி என்றால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 352 மீட்டர். தவிலின் ஆழ்ந்த அடிக்கு நெருக்கமாக 70 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை எடுத்துக்கொண்டால், அலைநீளம் சுமார் 5 மீட்டர். ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டரில் நிறுத்தினீர்கள் என்க. பின்னலை போய்த் திரும்ப 30 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் அலைக்கு இது ஒரு பொருட்டா? எதிர்க்கட்டத்தில் புறப்பட்ட அலை கிட்டத்தட்ட எதிர்க்கட்டத்திலேயே வந்து சேர்ந்து, நேரலையைத் தின்றுவிடும். பின்னலை முழுதும் திரும்புகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், நேரலையின் உயரம் 1 என்னும்போது, கூட்டிக் கழித்து மிஞ்சுவது 0.37.

அதே ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே தள்ளுங்கள். போய்வரும் தூரம் 2 மீட்டர். ஏறக்குறைய அரை அலைநீளம். எதிர்க்கட்டம் நேர்க்கட்டமாக மாறிவிடுகிறது. இப்போது கூடுதல் 1.9! ஐந்து மடங்கு வேறுபாடு. முக்கோணவியல் படித்தவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே ஒரு மீட்டரில் 176 ஹெர்ட்ஸில் அழிவு ஏற்படும் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரியும். நிஜச் சுவர் முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதால் அழிவும் முழுமையாக இராது. அதனால்தான் இவற்றை வைத்திருப்பவர்கள் பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்தி நகர்த்தி இடம் தேடுகிறார்கள்.

ஆகவே இரண்டு அங்குலக் கனமுள்ள ஒலிபெருக்கிக்கு, அதன் பின்னால் ஒரு மீட்டர் வெற்றிடமும் விலையோடு சேர்ந்தே வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னறையில் ஒரு மீட்டர் என்பது கால் பங்குக்கும் மேல். அந்த இடத்தில் உங்கள் வீட்டில் இப்போது என்ன இருக்கிறது? கட்டில், பீரோ, தையல் மெஷின், சைக்கிள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. முன்னலையும் பின்னலையும் பக்கவாட்டில் சந்தித்து அழிவதால், தட்டை ஒலிபெருக்கியின் விளிம்புத் திசையில் ஒலி மிகக் குறைவு. ஆங்கில எட்டு எண் வடிவில் முன்னும் பின்னும் மட்டுமே ஒலி பரவும். ஆள் உயரச் சவ்வு, தரைக்கும் கூரைக்கும் கூடக் குறைவாகவே ஒலியை அனுப்பும். நம் வீடுகள் கான்கிரீட்டும் டைல்ஸ் தரையும் ஆனவை. காலி அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடும். அப்படிப்பட்ட அறையில் பக்கச் சுவருக்கு ஒலியை அனுப்பாத கருவி ஒரு வரம்தான். பெரிய கூடம் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் தட்டை ஒலிபெருக்கியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த வரத்துக்கு ஒரு சாபமும் உண்டு. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர். சவ்வின் அகலமோ ஒன்றரை அடி. அலைநீளத்தைவிடப் பரப்பு பெரிதானால் ஒலி டார்ச் விளக்கின் கற்றைபோல் நேரே போகும். இதைச் சரிசெய்ய, உயர்ந்த ஒலிக்கு மட்டும் குறுகிய பட்டையை வைக்கிறார்கள். 1981-இல் வந்த குவாட் இ.எஸ்.எல்.-63 இன்னும் சாமர்த்தியமானது. தகடுகளை வளையம் வளையமாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளியே போகப் போக மின்குறிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தினார்கள். குளத்தில் கல் விழுந்த அலைபோல் ஒலி விரிந்தது. சவ்வுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வருவதுபோல் கேட்டது. என்ன செய்தாலும், இசையின் முழு அழகும் நடுவில் உட்காரும் ஒருவருக்கே. ஆறு பேர் உள்ள வீட்டில் அந்த நாற்காலி யாருக்கு?

ஆம்ப்ளிபயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால், கோயில் கூம்பு 105 டெசிபலைத் தாண்டும். தட்டை ஒலிபெருக்கி சுமார் 86. இருபது டெசிபல் வேறுபாடு என்றால் நூறு மடங்கு மின்திறன்! அதுவும் காந்த முறைக் கருவிகள் பெரும்பாலும் 4 ஓம் மின்மறுப்பு உள்ளவை. நிலைமின் முறைக் கருவி ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொண்டு, உயர்ந்த அதிர்வெண்ணில் மின்மறுப்பு இன்னும் குறையும். நல்ல மின்னோட்டம் தரும் ஆம்ப்ளிபயர் வேண்டும். கடைகளில் 'பி.எம்.பி.ஓ. 2,000 வாட்ஸ்' என்று ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி அதனோடு இணைத்துவிடாதீர்கள். அந்த எண் ஸ்டிக்கர் அச்சடித்தவருக்கு மட்டுமே பயன்பட்டது.

தூசி, ஈரம், வெயில் ஆகியவையும் உண்டு. ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ள சவ்வு தூசியை ஈர்க்கும். ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் மின்னூட்டம் கசியும். காந்த முறையில் கம்பியை ஒட்டிய பசை ஆண்டுக்கணக்கில் வெயிலும் வெப்பமும் பட்டால் விட்டுப்போகும். 'கரகர' என்று கேட்கத் தொடங்கும். பக்கத்துத் தெருவில் பழுது பார்க்க ஆள் கிடைப்பது கடினம். காகிதக் கூம்பு கிழிந்தாலோ, புதிய கூம்பு ஒட்டித்தர மதுரையில் கடை தேடிப் பிடித்துவிடலாம்.

ஆகவே என் கருத்து இது. கூடம் பதினைந்து அடிக்கு மேல் நீளமாயிருந்து, நடுவே நடமாட்டம் இல்லாமல், வீட்டார் விரும்புவது குரலும் வீணையும் புல்லாங்குழலுமாக இருந்தால், தட்டை ஒலிபெருக்கிக்குச் செலவழிக்கும் பணம் வீண் அல்ல. பறையும் தவிலும் திரைப்பாட்டும் அதிரக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. சிறிய வீட்டுக்கு, எவ்வளவு பணமிருந்தாலும், வேண்டாம். நல்ல பெட்டி ஒலிபெருக்கி இரண்டை, காது உயர ஸ்டாண்டில், சுவரை விட்டு ஓரடி தள்ளி வைத்துக் கேட்பது மேல். தட்டைச் சவ்வுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, அதே காந்த முறையில் தலையணிக் கேட்பான்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்குச் சுவர்த் தொல்லை கிடையாது. ஆனால் காதின்மேலேயே உட்காரும் கருவி அது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்கிறது. 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும் காது இன்று உங்கள் அப்பாவிடம் இருக்காது, உங்களிடம் இருக்கிறது. அதை இழந்துவிட்டு எந்த ஒலிபெருக்கியை வாங்கி என்ன பயன்?

இவ்வளவையும் நான் அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப வேணாம்கிறீங்களா சார்?" என்றான்.

"நான் சொல்லி நீ கேட்க வேண்டாம். சோதித்துப் பார்" என்றேன். குளிர்பதனப் பெட்டி வந்த பழைய அட்டைப் பெட்டி ஒன்று என் வீட்டில் கிடந்தது. நாலடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு அட்டைகள் வெட்டி, நிற்பதற்குக் கால் வைத்துக் கொடுத்தேன். "இதை உன் முன்னறையில் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்து. ஒரு வாரம் யாரும் நகர்த்தக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்."

அவன் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே வந்தான். முதல் நாள் எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்தார்களாம். இரண்டாம் நாள் தங்கை ஓடிவந்து ஒன்றைச் சாய்த்தாள். மூன்றாம் நாள் இரவு, பாட்டிக்குப் பாய் விரிக்க இடமில்லாமல் இரண்டையும் சுவரோரம் தள்ளிவைத்தார்கள். காலையில் பார்த்தால் ஒன்றின்மேல் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"பாட்டி என்னடா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'என்னடா இது, நடு வீட்டுல கதவு?'ன்னாங்க சார்."

அண்ணனிடம் பேசி, ஆறரை அங்குலக் கூம்புள்ள பெட்டி ஒலிபெருக்கி ஜோடி ஒன்றை வாங்கினார்கள். கடைக்குப் போகும் முன் தனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டுகளைப் பதிவுசெய்து எடுத்துப் போய், கண்ணை மூடிக் கேட்டுத் தேர்ந்தெடுத்தான். அது அவனாகவே கண்ட யோசனை. மிச்சப் பணத்தில் பாட்டிக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. அவன் இப்போது பாலியஸ்டர் தாளும் அலுமினியப் பட்டையும் வைத்து, புத்தக அட்டை அளவுக்குத் தானே ஒரு தட்டை ஒலிபெருக்கி செய்துகொண்டிருக்கிறான். கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான் பாடுகிறது, ஆனால் பாடுகிறது.

இரண்டு அட்டைகளும் என்னிடம் திரும்பி வந்துவிட்டன. கோச்சடைப் பக்கம் வருபவர்கள் யாருக்காவது வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு இரவல் தருகிறேன்.